அபூ காயிப் ஆஜர்

ஜூலை 1, திங்கள்

உஸ்தாத் மிக்தாத் காலையிலேயே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எங்கள் முதலாளி என் பின்னால் வந்து நிற்க இரண்டே காரணம்தான். ஒன்று, ஏ.சி. காற்று என் இடத்தில்தான் ஒழுங்காக விழும். இன்னொன்று, திட்டுவதற்கு. இன்று இரண்டும் சேர்ந்தே.

"நிப்ராஸ், கண்ணு, யாரும்மா இவங்கள்லாம்? நம்ம வீட்டுக் கல்யாணத்துல ஊர் பேர் தெரியாதவனெல்லாம் பந்தியில உக்காந்திருக்கான்?"

என் திரையில் ஓடும் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார். இத்தனை நாள் நான் மூடி மூடி வைத்திருந்த பின்பக்கம்.

நேற்று அம்மாவும் கேட்டாள், "அந்த ஆபீஸ்ல நீ என்னதான்டி பண்றே?" என்று. வாத்தியார் வேலை, வருகைப் பதிவு என்றேன். எங்கள் பராமரிப்பில் இருக்கும் ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, பள்ளிக்கூட சர்வர்கள் எல்லாம் சில நிமிடத்துக்கு ஒரு முறை எனக்குச் செய்தி அனுப்பும். நலமாக இருந்தால் பச்சை, முனகினால் மஞ்சள், அலறினால் சிவப்பு. பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் சொல்வது பலகையின் முன்பக்கத்தில் வரும். பெயரே இல்லாத பையன் கடைசி பெஞ்சிலிருந்து "உள்ளேன் ஐயா" என்று கத்தினால் அது பின்பக்கத்துக்குப் போகும். "அந்தப் பையன் பாவம்" என்றாள் அம்மா. அம்மாவுக்கு எல்லாரும் பாவம்.

பதினாலாம் தேதி சுகாதார அலுவலகத்திலிருந்து பலகையைப் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் பின்பக்கம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்க வேண்டும். "எல்லாரையும் கதவைச் சாத்தி வெளிய தள்ளு" என்றார். தள்ளுவது ஒரு வரி வேலை. ஆனால் யார் என்று தெரியாமல் எப்படித் தள்ளுவது? எனக்கு அந்த வியாதி உண்டு.

ஜூலை 2, செவ்வாய்

இன்று மட்டும் பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். நானே என் முதுகைத் தட்டிக்கொள்கிறேன்.

ஒன்று, நாங்கள் எப்போதோ பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிட்ட சர்வர். அதை அஷார் பக்கம் ஒரு இனிப்புக் கடைக்காரர் வாங்கி, கணக்கெழுதப் போட்டிருக்கிறார். அது பாட்டுக்குப் பழைய விசுவாசத்தில் எங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. போன் போட்டேன்.

"எங்கடைக் கம்ப்யூட்டர் உனக்கெதுக்கும்மா தகவல் சொல்லுது? நீ வரி ஆபீஸா?"

"இல்ல சித்தப்பா, சத்தியமா இல்ல. உங்க மெஷினுக்குச் சூடு ஜாஸ்தியா இருக்கு, அடுப்புப் பக்கத்துல வெச்சிருக்கீங்களா?"

எட்டிப் பார்க்கப் போனார். பிறகு, "பக்லாவா அடுப்புக்கு மேல பலகையில..." என்றார். நகர்த்தி வைத்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல அந்தச் செய்தி அனுப்பும் வேலையையும் அணைத்தார். மாலைக்குள் ஒரு பெட்டி பக்லாவா வந்து சேர்ந்தது. பக்கத்து மேசை விசாம் முக்கால்வாசியைத் தின்றுவிட்டு, "இன்னும் ரெண்டு அன்னியனைக் கண்டுபிடி, கபாப் கடையா பார்த்து" என்கிறான். தின்னிப் பயல்.

ஜூலை 3, புதன்

உஸ்தாத் திரையைத் தட்டி, "யாரு இந்த அபுல் கசீப்? நம்ம பலகைக்குள்ள வர எவ்வளவு கொழுப்பு அவனுக்கு? பிடி அவனை!" என்று சத்தம் போட்டார்.

"உஸ்தாத், அது ஊரு. அந்த ஊர்ப் பள்ளிக்கூட சர்வர். உங்க மாமனார் வீடே அங்கதான்."

விசாம் மேசைக்கடியில் போய்ச் சிரித்தான். உஸ்தாத் தேநீர் கேட்டார்.

ஜூலை 4, வியாழன்

எல்லாரையும் பிடித்தாயிற்று, ஒருவரைத் தவிர. பெயர்: அபூ காயிப்.

சிரிப்பதா அழுவதா! எங்கள் பக்கம் ஒரு மனுஷனை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் பிள்ளை பெயரைச் சொல்லி இன்னாருடைய அப்பா என்போம். பிள்ளை இல்லாதவரை மட்டும் வெறும் பெயரில் விட்டுவிட முடியுமா? அவருக்குத்தான் அபூ காயிப். இன்னும் வந்து சேராதவனின் அப்பா. கேலி இல்லை அது. வருவான், வராமல் எங்கே போவான் என்று ஊரே சேர்ந்து கொடுக்கிற பட்டம். அந்தப் பெயரில் ஒரு சர்வர்!

அதுவும் சுத்தக் கிறுக்கு சர்வர். இந்த நிமிஷம் 'டிஸ்க் காலி' என்கிறது, அடுத்த நிமிஷம் 'நிரம்பி வழிகிறது' என்கிறது. ஒரு தடவை 'இன்று காலைதான் எழுந்தேன்', மறு தடவை 'வசந்தத்திலிருந்து தூங்கவே இல்லை'. ஒரு மனுஷன் இப்படிப் பேசினால் கையைக் காலைக் கட்டிக் கூட்டிப் போவோம். மதியம் வரை மண்டையைக் குடைந்துகொண்டேன். பிறகு பளிச்சென்றது. இது ஒரு ஆள் இல்லை. ஒரே பெயரில் நாலு பேர்! நாலு பேரும் மாறி மாறி ஒரே வாயால் பேசுகிறார்கள்.

எங்கிருந்து என்றும் தெரியவில்லை. கிராமத்து கிளினிக்குகளின் இணைப்பெல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வரும்; இதுவும் அதே வழிதான். வாசல் தெரிகிறது, வீடு தெரியவில்லை. அவர்கள் பேசினால் எனக்குக் கேட்கும். நான் பேசினால் அவர்களுக்குக் கேட்காது.

"தலைவலி எதுக்கு, சாத்திடு கதவை" என்றார் உஸ்தாத். சரி என்று விசைப்பலகையில் கைகூட வைத்துவிட்டேன். கடைசியாக ஒரு செய்தியைத் திறந்து பார்த்தேன். அய்யோ. நால்வரில் ஒருவருடைய டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது. படிக்க முடியாத இடங்கள் காலையில் இருந்ததைவிட இப்போது அதிகம். அதில் இருக்கும் கோப்பகத்தின் பெயர்: கர்ப்பிணிகள்.

பட்டியலில் உள்ள சர்வருக்குத்தான் நாங்கள் நகல் எடுத்து வைப்போம். இது பட்டியலில் இல்லை. அப்படியென்றால் நகல் இல்லை. எந்த ஊர்ப் பெண்களோ, யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு எப்போது தேதி, யாருக்குப் போன தடவை வயிற்றைக் கிழித்தார்கள் – எல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது.

சாத்தவில்லை. உஸ்தாதிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்டுபிடி மகளே" என்றார், திட்டாமல்.

ஜூலை 5, வெள்ளி

விடுமுறை. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா செய்த மீன் குழம்பை அப்படியே வைத்தேன். "எவன்டி அவன்?" என்கிறாள் அம்மா. அவன் இல்லம்மா, அது. விட்டால் சீர்வரிசை வாங்கப் போய்விடுவாள்.

ஜூலை 7, ஞாயிறு

அபூ காயிப் யாரென்று விசாமுக்குத் தெரிந்திருக்கிறது! வியாழக்கிழமை பாதியில் பல்வலி என்று போய்விட்டான். நான் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு இன்று வந்து சாவகாசமாக, "நம்ம ஃபாலிஹ் அண்ணனைத்தானே எல்லாரும் அப்படிக் கூப்பிடுவாங்க?" என்கிறான்.

ஃபாலிஹ் அண்ணன்! வசந்தத்தில் நாலு பிரசவ கிளினிக்குகளில் சர்வர் வைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர். குர்னா, மதைனா, சஃப்வான், ஃபாவ். தங்கமான மனுஷன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சரி, நாலுக்கும் ஏன் தன் பெயரையே வைத்தார்? தற்பெருமை பிடித்தவரும் இல்லையே.

போன் அணைந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் விசாரித்தோம். பக்கத்து வீட்டுக்காரர், "புருஷனும் பெண்டாட்டியும் பக்தாத் போயிருக்காங்க, சொந்த வேலை" என்றார். என்ன வேலை என்றால் வானத்தைப் பார்க்கிறார்.

திரும்பி வந்து, ஃபாலிஹ் அண்ணன் செய்ததையே நானும் செய்து பார்த்தேன். செய்தி அனுப்பும் நிரலைப் புதிதாக ஒரு லேப்டாப்பில் நிறுவினேன். சர்வருக்குப் பெயர் கேட்கிற இடம் வந்தது. வழக்கமான ஆங்கிலக் கேள்வி இல்லை. யாரோ அழகான அரபியில் மாற்றி வைத்திருக்கிறார்கள்:

"தங்கள் திருநாமம்?"

சிரித்தேன் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாராவது மரியாதையாகத் திருநாமம் கேட்டால் எங்கள் ஆள் என்ன சொல்வான்? நாலு ஊரிலும் நாலு தடவையும் பணிவாகப் பதில் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

"யாரு உஸ்தாத் இதை மொழிபெயர்த்தது?"

உஸ்தாத் முகம் மாதுளம்பழம் ஆனது. "இயந்திரம்னாலும் மரியாதையா கேக்கணும்னு..." என்றார். விசாம் சொன்னான்: "அப்ப அந்த அன்னியனைப் பந்தியில உக்கார வெச்சதே நீங்கதானா உஸ்தாத்?"

ஆக, ஊர் நாலு என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை. நாலும் நாலு திசை. ஒவ்வொன்றாக ஓடினால் டிஸ்க் காத்திருக்குமா? காத்திருக்காது.

ஜூலை 8, திங்கள்

இன்று நாள் முழுக்க வருகைப் பதிவுதான் எடுத்தேன், நிஜமாகவே.

அணைத்துவிட்டுப் போடச் சொல்ல முடியாது. சாகப்போகிற டிஸ்க் திரும்ப எழுந்திருக்காமலே போகலாம். அதனால் ஒவ்வொரு கிளினிக்காகப் போன் போட்டு, சர்வருக்குப் பின்னால் இருக்கும் நீல இணைய வயரை மட்டும் பிடுங்கச் சொல்வது. வயரைப் பிடுங்கியதும் சாகக் கிடக்கும் நம் நோயாளியின் குரல் நின்றால் அதுதான் ஊர். அவ்வளவுதான் உபாயம். சொல்லும்போது சுலபம்.

குர்னாவில் நர்ஸ் உம்மு ரியாம் எடுத்தாள். "பிடுங்கினா வெடிக்காதே கண்ணு?" "வெடிக்காது அக்கா." "என் புருஷனும் கேஸ் அடுப்புக்கு அப்படித்தான் சொன்னான்." கெஞ்சிக் கூத்தாடிப் பிடுங்க வைத்தேன். நோயாளியின் குரல் நிற்கவில்லை. அப்போ குர்னா இல்லை.

மதைனாவில் காவல்காரர். பிடுங்கினார். குரல் நிற்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒரே கூச்சல். என்ன ஆச்சு என்றால், அவர் பிடுங்கியது தொலைக்காட்சி வயராம். உள்ளே பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் செருப்போடு ஓடி வந்திருக்கிறார். "நீலம்னு சொன்னேனே மாமா!" "இதுவும் ஒரு மாதிரி நீலம்தாம்மா!" மறுபடி பிடுங்கினார். இல்லை, மதைனாவும் இல்லை.

சஃப்வானில் யாருமே போன் எடுக்கவில்லை. ஃபாவ் எடுத்தது. மருத்துவச்சி உம்மு ஹாதிம். குரலிலேயே அதட்டல்.

"வயர் கையில இருக்கு. சொல்லு."

"பிடுங்குங்க."

பிடுங்கினாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு விடவில்லை. விசாமும் வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லவில்லை. அடுத்த முறை செய்தி வரவேண்டிய நேரம் வந்தது. வரவில்லை. இன்னொரு முறை. வரவில்லை. மூன்று அபூ காயிப்கள் பேசினார்கள், நாலாவது ஆள் ஊமை.

"அம்மா, உங்களுதுதான்!" என்று கத்திவிட்டேன்.

"எனக்கு என்ன பரிசா விழுந்திருக்கு?" என்றாள் உம்மு ஹாதிம். விஷயத்தைச் சொன்னேன். அதட்டல் எல்லாம் எங்கேயோ போய், "அதுல இருக்கிறது அத்தனையும் என் பொண்ணுங்கம்மா. காகிதத்தை எல்லாம் வசந்தத்துலயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. சீக்கிரம் வந்துரு" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

ஃபாவ் போய் வந்துவிட்டோம். உடம்பெல்லாம் உப்பு. கை வலிக்கிறது. எழுதாமல் தூங்க முடியாது.

வெயில் ஐம்பதைத் தாண்டி அரசு அலுவலகங்களுக்கெல்லாம் விடுமுறை விட்டிருந்தார்கள். விசாமின் காரில் ஏ.சி. வழியிலேயே மண்டையைப் போட்டது. மடியில் புது டிஸ்க்கை ஈரத் துணியில் சுற்றிப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டேன். விசாம் வழி முழுக்கப் பாடினான். வெயிலைவிட அதுதான் கொடுமை.

கிளினிக்கில் சர்வரை ஒரு அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள், திருடன் வருவான் என்று. உள்ளே கை வைத்தால் தோசைக்கல். நகல் எடுக்கத் தொடங்கினேன். கொஞ்சம் ஓடும், திக்கும், நிற்கும், மறுபடி ஓடும். சூடு ஏற ஏற அதிகமாகத் திக்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

வெளியே வரிசையில் வயிறும் தானுமாகப் பெண்கள். அவர்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்ன, அதுக்கும் காய்ச்சலா?" என்றாள். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல. அவள் யாருக்கோ போன் போட்டாள். அவள் புருஷன் மீன்பிடி படகுக்காரன். கொஞ்ச நேரத்தில் மீன் ஏலத் துறையிலிருந்து இரண்டு பெட்டி ஐஸ்கட்டி வந்து இறங்கியது! ஐஸை முன்னால் அடுக்கி, பின்னால் மின்விசிறியை வைத்தோம். காற்று அப்படியே மீன் வாடையோடு சிலுசிலுவென்று சர்வர் மேல் வீசியது. திக்கல் குறைந்தது.

அப்போது பார்த்து மின்சாரம் போகிற நேரம். உம்மு ஹாதிம் ஜெனரேட்டர்காரரை அலமாரி வாசலுக்கே கூட்டி வந்து நிறுத்தினாள். "இந்தத் தெருவுல பாதிப் பேரை வெளிய இழுத்துப் போட்டது நான்தான், உன்னையும் சேர்த்து. இன்னிக்கு உன் மெஷின் நின்னுச்சு, அவ்வளவுதான்." அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு போனார். ஜெனரேட்டர் ஒரு முறைகூட இருமவில்லை.

ஐஸ் கரைந்து தரையெல்லாம் தண்ணீர். பெண்கள் துடைத்துக்கொண்டே கதை பேசினார்கள். கடைசிக் கோப்பு ஏறியது. திறந்து பார்த்தேன், எல்லாப் பெயரும் இருக்கிறது. உம்மு ஹாதிம் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள், வரிசையில் நின்றவர்கள் தங்கள் பெயர் வந்ததும் "இருக்கேன்! இருக்கேன்!" என்று கத்தினார்கள். சிரிப்பும் கும்மாளமும். நான் கொஞ்சம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். விசாம் பார்த்துவிட்டான், ஆனால் கிண்டல் பண்ணவில்லை. அதிசயம்.

பழைய டிஸ்க்கை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், சும்மா ஒரு ஆசைக்கு. எழுந்திருக்கவே இல்லை.

வவ்வால் மீன் சுட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் எலும்பைக்கூட விடவில்லை.

ஜூலை 10, புதன்

நாலு கிளினிக்குக்கும் ஊர்ப் பெயரையே வைத்துப் பட்டியலில் சேர்த்தாயிற்று, நகலும் ஓடுகிறது. சஃப்வானில் போன் எடுக்காததற்குக் காரணம், மணிச்சத்தத்தில் குழந்தைகள் விழிக்கின்றன என்று அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார்களாம். உஸ்தாத் தன் கையாலேயே கேள்வியை மாற்றினார்: "இந்த இயந்திரத்தின் பெயர்?" மனசு கேட்காமல் முன்னால் ஒரு 'தயவுசெய்து' சேர்த்திருக்கிறார்.

ஃபாலிஹ் அண்ணனுக்கு நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். 'அண்ணே, இனிமே அது பேர் கேட்டா உங்க பேரைச் சொல்லாதீங்க' என்று முடித்தேன். போன் இன்னும் அணைந்தே இருக்கிறது.

பின்பக்கம் காலி.

ஜூலை 14, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது!

சுகாதார அலுவலகத்திலிருந்து டாக்டர் சுஆத் வந்தார், கூட இரண்டு பேர். சிரிக்கத் தெரியாத முகம். உஸ்தாத் டை கட்டியிருந்தார், இந்த வெயிலில். முன்பக்கம் முழுக்கப் பச்சை. "பட்டியலில் இல்லாத எதுவும்...?" என்று டாக்டர் கேட்க, "ஒன்று கூடக் கிடையாது அம்மணி" என்று உஸ்தாத் பெருமையாகப் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

ஒன்று இருந்தது.

அபூ தபாரக்.

உஸ்தாத் முகத்தில் ஈயாடவில்லை. "யார் இது?" என்றார் டாக்டர், கறாராக. செய்தியைத் திறந்தேன். ஒரு லேப்டாப். எல்லாம் நலம். மின்கலம் நிறைந்திருக்கிறது. உபயோகிப்பவர் பெயர்: ஃபாலிஹ்.

ஒரு நொடி எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன்.

"பொண்ணு! அபூ காயிபுக்குப் பொண்ணு பொறந்திருக்கு! தபாரக்னு பேரு!"

விசாம், "அல்லாஹ்!" என்று இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். தேநீர் கொண்டுவந்த உம்மு ஜாசிப் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போட்டாள் பாருங்கள் ஒரு குலவை, பக்கத்துக் கட்டிடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். உஸ்தாத் டையை அவிழ்த்துவிட்டு அழுதார், சத்தமாக. எதுவும் புரியாமல் நின்ற டாக்டர் சுஆதை உட்கார வைத்து, திருநாமத்திலிருந்து ஐஸ் பெட்டி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது, கடைசியில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

போகும்போது கேட்டார்: "இந்தப் பேரை என்ன செய்யப் போறே? தள்ளிடுவியா?"

"பட்டியல்ல சேர்க்கப் போறேன் டாக்டர்."

"முதல்ல சேர்த்துடு. அப்புறம் மத்த கிளினிக்கெல்லாம் எப்ப பார்க்கப் போறேன்னு சொல்லு" என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

ஃபாலிஹ் அண்ணன் வந்திருந்தார். இளைத்திருக்கிறார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆனால் அந்தச் சிரிப்பு!

தபாரக் மாதம் நிறையும் முன்பே வந்துவிட்டாளாம். இத்தனை நாளும் கண்ணாடிப் பெட்டிக்குள். கண்பட்டுவிடும் என்று வயிற்றில் இருந்தபோதும் யாரிடமும் மூச்சு விடவில்லை, பிறந்த பிறகும் சொல்லத் துணிச்சல் வரவில்லை. பதினாலாம் தேதி காலை டாக்டர் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்து, "இனி பயமில்லை" என்றிருக்கிறார். அப்போதுதான் போனைத் திறந்து என் செய்தியைப் படித்தாராம்.

"யாருக்குப் போன் போட்டாலும் அழுதுருவேன்னு இருந்துச்சு நிப்ராஸ். உன் பலகைக்குச் சொல்லிருவோம்னு தோணுச்சு. அது கேக்கிற கேள்விக்குப் பதில் சொன்னா போதுமே."

"அண்ணே, இயந்திரத்தோட பேரைத்தான் போடணும்னு எழுதியிருந்தேனே!"

"படிச்சேன் கண்ணு. அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் மன்னிச்சுக்கோ."

படத்தைக் காட்டினார். உள்ளங்கை அளவு முகம், கோபமாக, உஸ்தாத் மாதிரி. அதைச் சொன்னதும் உஸ்தாதுக்கு ஒரே பெருமை.

பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து புது கிளினிக்குக்கான சர்வரை நிறுவத் தொடங்கினார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. விசாம் பழக்கதோஷத்தில், அறையின் அந்தக் கோடியிலிருந்து, "அபூ காயிப்! ஏய் அபூ காயிப்! சர்க்கரை எத்தனை?" என்று கத்தினான்.

அவர் திரும்பவே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்.